குழாய் வந்த வீட்டில் மிச்சமாவது என்ன?

ஒரு பிளாஸ்டிக் குடத்தில் ஏறத்தாழ 15 லிட்டர் பிடிக்கும். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்ற அரசுக் கணக்குப்படி ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர் வேண்டும். அதாவது பதினெட்டுக் குடங்களுக்கும் மேலே. இடுப்பில் ஒன்று, சும்மாடு கட்டித் தலையில் ஒன்று என்று சுமந்தாலும் தெருக்குழாய்க்கும் வீட்டுக்கும் ஒன்பது நடை. இத்தனை நடை யாரும் நடப்பதில்லை. நான்கைந்து நடையோடு நிறுத்திக்கொண்டு, கிடைத்த தண்ணீருக்குள் வீட்டை நடத்திவிடுகிறார்கள். துணி துவைக்கக் கண்மாய்க்குப் போகிறார்கள். குளியல் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆகிறது. அரிசி களைந்த தண்ணீரும் பாத்திரம் அலசிய தண்ணீரும் மாட்டுத் தொட்டிக்குப் போகின்றன.

ஆகவே வீட்டுக்குள் குழாய் வரும்போது கிடைக்கும் ஆதாயம் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு, நடை மிச்சம். மறு பங்கு, முன்பு அந்த வீட்டில் இல்லாமலே இருந்த தண்ணீர். முதல் பங்கை மணிக்கணக்கில் அளந்து ரூபாயாக மாற்றிவிடலாம். இரண்டாவதை அப்படி எழுதிவிட முடியாது. குடிநீர்த் திட்டங்களின் பொருளாதாரப் பலன் என்று வெளிவரும் பெருந்தொகைகளைப் படிக்கும்போது இந்த வேறுபாடு மனத்தில் இருப்பது நல்லது.

சுதந்திர இந்தியாவின் கிராமக் குடிநீர்க் கொள்கை நெடுங்காலம் அடிபம்புக் கொள்கையாகவே இருந்தது. 1972-73இல் மத்திய அரசு தொடங்கிய துரித ஊரகக் குடிநீர்த் திட்டத்தின் அளவுகோல்படி ஆளுக்கு 40 லிட்டர். 250 பேருக்கு ஒரு அடிபம்பு. சமவெளியில் 1.6 கிலோமீட்டருக்குள் தண்ணீர் கிடைத்தால் அந்தக் குடியிருப்புக்குக் குடிநீர் வசதி உண்டு என்று பதிவேட்டில் எழுதிவிடலாம். மலைப்பகுதியில் 100 மீட்டர் ஏற்ற இறக்கம் வரை செல்லும். போக 1.6, சுமையோடு திரும்ப 1.6. அந்த நடைக்கு யாரும் கூலி கேட்கவில்லை என்பதால் அது இலவசம் என்று திட்டமிட்டவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நடந்தவர்கள் பெண்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

2019 ஆகஸ்ட் 15 அன்று ஜல் ஜீவன் திட்டம் அறிவிக்கப்பட்டபோது கணக்கின் அலகே மாறியது. குடியிருப்பை விட்டுவிட்டு வீட்டை எண்ணத் தொடங்கினார்கள். அன்றைக்குக் கிராமப்புற வீடுகளில் 3.23 கோடிக்கு, அதாவது சுமார் 17 சதவீதத்துக்கே, குழாய் இணைப்பு இருந்தது. 2024க்குள் எல்லா வீடுகளுக்கும் என்பது இலக்கு, மதிப்பீடு 3.60 லட்சம் கோடி ரூபாய். இணைப்புகள் வேகமாகவே பெருகின. 2025 தொடக்கத்தில் எண்ணிக்கை 15 கோடியைத் தாண்டி, ஏறத்தாழ 80 சதவீதத்தை எட்டியது. மீதிக்குக் கெடு 2028 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது.

இவ்வளவு பணத்துக்கு நாடு என்ன பெறுகிறது என்ற கேள்விக்குப் பெரும்பாலோர் மேற்கோள் காட்டுவது உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டை. எல்லா வீடுகளுக்கும் பாதுகாப்பான குடிநீர் கிடைத்தால் வயிற்றுப்போக்கால் நேரும் சுமார் 4 லட்சம் மரணங்களைத் தவிர்க்கலாம். நோயாலும் அகால மரணத்தாலும் இழக்கும் 1.4 கோடி வாழ்வாண்டுகள் மிஞ்சும். அதன் மதிப்பு 10,100 கோடி டாலர், ரூபாயில் 8 லட்சம் கோடிக்கு மேல். தண்ணீர் சுமக்கும் நேரத்தில் நாளொன்றுக்கு 5.5 கோடி மணி நேரம் மிச்சம். இந்த எண்கள் மேடைக்கு ஏற்றவை, தலைப்புச் செய்திக்கும் ஏற்றவை. எப்படி வந்தன என்று பிரித்துப் பார்த்தால்தான் பொருள் புரியும்.

10,100 கோடி டாலரை 1.4 கோடியால் வகுத்தால் ஒரு வாழ்வாண்டுக்கு 7,200 டாலர் வருகிறது. இந்தியாவின் தலா உள்நாட்டு உற்பத்தியைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. உயிர்காக்கும் திட்டங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்குச் சுகாதாரப் பொருளியலில் இப்படி ஒரு விலை வைப்பது வழக்கம்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது யாருடைய மடியிலும் வந்து விழும் பணம் இல்லை. "குழாயால் நாட்டுக்கு எட்டு லட்சம் கோடி லாபம்" என்று பேசுபவர்கள் இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

நேரக் கணக்கிலும் இதே கதை. ஒரு நாள் கூலி 300 ரூபாய், எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 37 ரூபாய் ஐம்பது காசு. 5.5 கோடி மணி நேரத்தை அதனால் பெருக்கினால் நாளொன்றுக்கு 206 கோடி ரூபாய். ஆண்டுக்கு 75,000 கோடி. கூலியில் பாதியைத்தான் நேரத்தின் விலையாகக் கொள்ள வேண்டும் என்று சொல்லும் பொருளியலாளர்கள் உண்டு. அப்படி எடுத்தாலும் 37,000 கோடிக்கு மேல். திட்டத்தின் முழுச் செலவும் பத்தாண்டில் திரும்பி வந்துவிடும்போலத் தெரிகிறது. ஆனால் இந்தப் பெருக்கலுக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. தண்ணீர் சுமக்காத அந்த ஒரு மணி நேரத்தில், கூலி தருவதற்கு ஊரில் யாரோ ஒருவர் காத்திருக்கிறார் என்பதே அது.

காத்திருக்கிறாரா? இதற்கு நான் படித்தவரையில் மிகத் தெளிவான பதில் வடகுஜராத்தின் பனஸ்கந்தாவிலிருந்து வந்தது. கட்ச் ராண் உப்புவெளியின் ஓரத்தில் உள்ள வறண்ட பகுதி. நிலத்தடி நீர் உவர்ப்பு. மழை பொய்த்தால் மாடுகளை ஓட்டிக்கொண்டு ஊரே கிளம்பிவிடும். அங்கே சந்தல்பூர் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 1980களில் நெதர்லாந்து உதவியோடு வந்தது. நீண்ட குழாய்ப்பாதை, அதன் வழியில் பல ஊர்கள். மக்களை அதன் பராமரிப்பில் ஈடுபடுத்துவதற்காக, அகமதாபாத்தில் இலா பட் தொடங்கிய சுயதொழில் பெண்கள் சங்கமான சேவா அந்தப் பத்தாண்டின் கடைசியில் அழைத்துவரப்பட்டது. தண்ணீர்க் குழு அமைப்பது பற்றிப் பேசப் போன இடத்தில் பெண்கள் கேட்டது வேலை. தண்ணீர் வந்தாலும் வருமானம் இல்லையென்றால் ஊரைவிட்டுப் போகத்தானே வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

அந்தப் பெண்கள் கையில் ஒரு தொழில் இருந்தது. திருமணச் சீருக்காகத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த பூத்தையல். வறட்சிக் காலத்தில் இடைத்தரகர்கள் அந்தத் துணிகளை அடிமாட்டு விலைக்கு வாங்கிப்போவார்கள். சேவா அதைச் சந்தையோடு இணைத்தது. பிசின் சேகரிப்பவர்களுக்கும் உப்பளத்தில் வேலை செய்பவர்களுக்கும் பால் மாடு வைத்திருப்பவர்களுக்கும் தனித்தனிக் குழுக்கள் அமைந்தன. 2000க்குப் பிறகு இந்த ஊர்களில் நடந்த ஓர் ஆய்வு, தண்ணீர் எடுக்கும் நேரம் நாளைக்கு ஒரு மணியாகக் குறைந்தால் ஒரு பெண் ஆண்டுக்குக் கூடுதலாக எவ்வளவு ஈட்ட முடியும் என்று கணக்கிட்டது. 750 ரூபாயிலிருந்து 5,500 ரூபாய் வரை என்று விடை வந்தது.

இந்த இடைவெளியைக் கவனிக்க வேண்டும். ஏழு மடங்கு. எல்லோருக்கும் ஒரே தண்ணீர், அதை எடுக்கும் நேரமும் ஒரு மணி என்றே கணக்கு. வேறுபட்டது அவரவர் கைத்தொழில். பூத்தையலும் பால் மாடும் உள்ளவளுக்கு ஒரு மணி நேரம் ஒரு விலை. எதுவும் இல்லாதவளுக்கு வேறு விலை. குழாய் உடைந்து தண்ணீர் நின்ற நாட்களில் வருமானம் சரிந்ததையும் அதே ஆய்வு பதிவுசெய்திருக்கிறது. உற்பத்தி நடக்கும் ஊரில் குடிநீர்க் குழாயும் ஒரு தொழிற்கருவியாகிவிடுகிறது. உற்பத்தி இல்லாத ஊரில் அது ஓய்வைத் தருகிறது.

ஓய்வு என்றால் மட்டமா? இல்லவே இல்லை. மொராக்கோவின் டாஞ்சியர் நகரில் எஸ்தர் டுஃப்ளோவும் சக பொருளியலாளர்களும் நடத்திய சோதனையின் முடிவுகள் 2012இல் வெளிவந்தன. வீட்டு இணைப்புக்குக் கடன் கொடுத்தார்கள். மக்கள் முண்டியடித்து வாங்கினார்கள், மாதாமாதம் கணிசமாகப் பணமும் கட்டினார்கள். உடல்நலத்தில் பெரிய மாற்றம் இல்லை, ஏனென்றால் முன்பு பிடித்த பொதுக்குழாய்த் தண்ணீரே சுத்தமானது. வேலைக்குப் போவதும் கூடவில்லை. மிச்சமான நேரம் ஓய்வுக்கும் உறவுக்காரர்களோடு பேசிக்கொண்டிருப்பதற்கும் போனது. தண்ணீரால் வந்த சண்டைகள் குறைந்தன. மக்கள் காசு கொடுத்து வாங்கியது இவற்றைத்தான். தெருக்குழாயடியில் குடத்துக்குப் பதில் கல்லை வைத்து இடம்பிடித்து, அந்தக் கல்லை யார் நகர்த்தினார்கள் என்று சண்டை போட்ட எந்தத் தமிழ்க் கிராமத்துப் பெண்ணுக்கும் இதில் வியப்பு இருக்காது.

இந்தியாவின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2024இன்படி ஊதியமில்லா வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். அதைச் செய்யும் ஆண்கள் 88 நிமிடம். ஐந்து மணி நேரத்திலிருந்து தண்ணீர் சுமந்த முக்கால் மணி நேரத்தைக் கழித்தால் அந்த இடத்தை நிரப்புவதற்கு அடுப்பும் பிள்ளையும் ஆடும் மாடும் வரிசையில் நிற்கின்றன. ஒன்பது வளரும் நாடுகளின் தரவுகளை வைத்து உலக வங்கி ஆய்வாளர்கள் செய்த ஆய்வும், தண்ணீர் அருகே வந்ததால் பெண்கள் வெளிவேலைக்குப் போவது கூடியதற்குச் சான்றில்லை என்றே முடித்தது. ஆனால் பள்ளிச் சேர்க்கையில் ஆண், பெண் இடைவெளி பெரிதாக உள்ள நாடுகளில் பிள்ளைகள் பள்ளிக்குப் போவது கூடியிருந்தது. வருமானம் இந்தத் தலைமுறையில் வராமல் அடுத்த தலைமுறையில் வருமென்றால், ஐந்தாண்டுத் திட்ட மதிப்பீட்டில் அது தெரியாது.

ஜல் ஜீவனுக்குப் பிறகு வெளியிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் வேலையிலிருந்து 9 கோடிப் பெண்கள் விடுபட்டதாகவும், வேளாண்மையிலும் சார்ந்த தொழில்களிலும் பெண்களின் பங்கேற்பு 7.4 சதவீதப் புள்ளி கூடியதாகவும் பாரத ஸ்டேட் வங்கியின் ஆய்வுப் பிரிவு எழுதியது. இதைக் கொஞ்சம் தள்ளி வைத்தே படிக்கிறேன். அதே ஆண்டுகளில் கிராமப்புறப் பெண்களின் தொழிலாளர் பங்கேற்பு விகிதம் 2017-18இன் 24.6 சதவீதத்திலிருந்து 2023-24இல் 47.6 சதவீதமாக ஏறியது. ஏறியதில் பெரும்பகுதி சுயதொழில். அதிலும் சொந்தக் காட்டில் சம்பளமில்லாமல் உழைப்பது பெரும்பங்கு. சமையல் எரிவாயு, சுயஉதவிக்குழுக் கடன், கொரோனாக் காலத்து நெருக்கடி என்று பல காரணங்கள் ஒரே நேரத்தில் ஓடின. குழாயின் பங்கு இவ்வளவு என்று பிரித்தெடுப்பது சுலபமில்லை.

கையில் நேராகத் தெரியும் மிச்சம் வேறோரிடத்தில் இருக்கிறது. தண்ணீரை விலைக்கு வாங்கும் ஊர்களில். இராமநாதபுரம் மாவட்டத்தில் கமுதி, முதுகுளத்தூர், கடலாடிப் பக்கம் போனவர்கள் அந்தத் தள்ளுவண்டிகளைப் பார்த்திருப்பார்கள். இரும்புச் சட்டத்தில் ஆறேழு குடம் உட்காரும்படி வளையம் வைத்து, கீழே சிறு சக்கரம் பூட்டியது. வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்வார்கள். ஆற்றுமணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் கோரிக் கோரிக் குடத்தை நிரப்பி, வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். ஊற்றும் வற்றிய கோடையில் டிராக்டரில் தொட்டி வைத்து வரும் வியாபாரிதான் கதி. குடம் பத்து ரூபாய் என்று வைத்தால் ஆயிரம் லிட்டருக்கு 667 ரூபாய் ஆகிறது. ஊராட்சி வீட்டு இணைப்புக்கு மாதம் 50 ரூபாய் கட்டணம், நான்கு பேர் குடும்பம், ஆளுக்கு 55 லிட்டர் முறையாக வருகிறது என்றால், ஆயிரம் லிட்டருக்கு எட்டு ரூபாய்கூட ஆகாது. எண்பது, தொண்ணூறு மடங்கு வித்தியாசம். குழாய் இல்லாத ஏழை, குழாய் உள்ளவரைவிட இத்தனை மடங்கு அதிக விலை கொடுக்கிறார். நாளைக்கு ஐந்து குடம் வாங்கினால் மாதம் 1,500 ரூபாய். கூலி வீட்டில் அது ஐந்து நாள் சம்பளம். இந்தப் பணத்தை மிச்சப்படுத்த ஊரில் தொழில் இருக்க வேண்டியதில்லை. குழாயில் தண்ணீர் வந்தால் போதும்.

காவிரிக் கரையிலிருந்து இராமநாதபுரம் வரை தண்ணீரைத் தள்ளிக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் உண்மைச் செலவு இந்த 50 ரூபாய்க்குள் அடங்காது என்பதும் தெரிந்ததே. அதை அரசு ஏற்கிறது. ஏற்பது சரியா என்ற கேள்விக்கு நோய்க் கணக்கு பதில் சொல்கிறது.

தண்ணீருக்கும் வேலைநாளுக்கும் உள்ள உறவை இந்தியாவில் மிகத் துலக்கமாகக் காட்டியது நரம்புச் சிலந்தி நோய். படிக்கிணற்றில் இறங்கிப் பிடிக்கும் தண்ணீரில் உள்ள நுண்ணிய நீர்ப்பூச்சிகளோடு நோயைத் தரும் புழுவின் குஞ்சுகள் வயிற்றுக்குள் போகும். ஏறத்தாழ ஓராண்டு கழித்து, காலில் கொப்புளம் உடைந்து முழ நீளத்துக்கும் மேலான புழு வெளியே வரத் தொடங்கும். அதைக் குச்சியில் சுற்றிச் சுற்றி, நாளைக்குச் சிறிது சிறிதாக இழுக்க வேண்டும். வாரக்கணக்கில் எழுந்து நடக்க முடியாது. தண்ணீர் வற்றிக் கலங்கும் பருவத்தில் தொற்றியது, மறு ஆண்டு அதே பருவத்தில், விதைப்புக்கு ஆள் தேவைப்படும் நேரத்தில் படுக்கவைக்கும். மருந்தோ தடுப்பூசியோ கிடையாது. படிக்கிணறுகளை மூடியும் மாற்றியமைத்தும், அடிபம்பு போட்டும், துணியில் வடிகட்டக் கற்றுக்கொடுத்தும் அதை ஒழித்தார்கள். கடைசி நோயாளி 1996 ஜூலையில் ராஜஸ்தானின் ஜோத்பூர் மாவட்டத்தில் பதிவானார். 2000இல் இந்தியா அந்நோயற்ற நாடாகச் சான்று பெற்றது. குடிநீர் முதலீடு வேலைநாளாகத் திரும்பி வந்ததற்கு இதைவிட நேரடியான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

வயிற்றுப்போக்கில் விஷயம் இவ்வளவு நேராக இல்லை. 2019இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மைக்கேல் கிரேமரின் குழு, பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து, தண்ணீரைச் சுத்திகரித்துக் கொடுத்தால் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மரணம் ஏறத்தாழ 30 சதவீதம் குறையும் என்று கண்டது. ஜல் ஜீவன் வழியாக இந்தியாவில் ஆண்டுக்கு 1.36 லட்சம் குழந்தைகள் பிழைக்கலாம் என்றும் கணக்கிட்டது. அதில் ஒரு நிபந்தனை உண்டு: குழாயில் வரும் தண்ணீர் கிருமியற்றதாக இருக்க வேண்டும். குழாயில் வந்துவிட்டதாலேயே தண்ணீர் சுத்தமாகிவிடாது. நாளில் ஒரு மணி நேரமே தண்ணீர் ஓடும் குழாய், மீதி நேரம் காலியாகக் கிடக்கிறது. அப்போது விரிசல் வழியே சாக்கடை நீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இதனால்தான் குடிக்கும் இடத்தில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. குளோரின் வாசனை பிடிக்கவில்லை என்று ஊரார் சொல்ல, தொட்டி ஆபரேட்டர் பவுடர் போடுவதை நிறுத்திவிடும் ஊர்களும் இருக்கின்றன.

ஜோத்ஸ்னா ஜலானும் மார்ட்டின் ரவாலியனும் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதைவிடக் கசப்பானது. குழாய்த் தண்ணீர் உள்ள கிராம வீடுகளில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வருவதும் குறைவு, நீடிப்பதும் குறைவு. ஆனால் அந்த ஆதாயம் ஏழை வீடுகளை, குறிப்பாகத் தாய் படிக்காத வீடுகளை, பெரும்பாலும் எட்டவில்லை. பிடித்து வைக்கும் பாத்திரம், மூடி, கைகழுவும் பழக்கம், கழிப்பறை எல்லாம் சேர்ந்துதான் குழாய் மருந்தாகிறது. தனியே குழாய்க்கு அந்தச் சக்தி இல்லை.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் சிக்கல் கிருமியால் வந்ததல்ல, பாறையிலிருந்து வந்தது. ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டினால் உடலுக்கு ஆகாது. முதலில் பல்லில் காவிக் கறை. ஆண்டுக்கணக்கில் குடித்தால் முட்டியும் முதுகெலும்பும் இறுகி, குனிந்து களையெடுக்க முடியாத நிலை. கூலி வேலையை நம்பியிருப்பவருக்கு இது நாற்பது வயதிலேயே ஓய்வு. ஜப்பானியக் கடனுதவியோடு சுமார் 1,928 கோடி ரூபாயில் நிறைவேறி 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு என்பதும் இருந்தது. ஆனால் இறுகிய எலும்பு காவிரித் தண்ணீரால் இளகாது. பலன் இப்போது பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் கூலிக்குப் போகும் வயதில் தெரியவரும். அதுவும் குழாய்த் தண்ணீர் ஒழுங்காக வந்து, வராத நாட்களில் பழைய ஆழ்துளைக் கிணற்றுக்கே திரும்பாமல் இருந்தால்.

இங்கேதான் என் முக்கியமான மனக்குறை. இணைப்பு என்ற சொல் திட்ட அறிக்கைகளில் எல்லாப் பலனையும் சேர்த்துச் சுமக்கிறது. 2022இல் ஜல் ஜீவன் திட்டமே நாடு முழுதும் 3 லட்சம் வீடுகளில் ஒரு மதிப்பீடு செய்வித்தது. 86 சதவீத வீடுகளில் குழாயில் தண்ணீர் வந்தது. ஆனால் போதுமான அளவு, சொன்ன முறைப்படி, தரத்தோடு என்ற மூன்றும் சேர்ந்து கிடைத்தவை 62 சதவீதமே. மீதி வீடுகளும் இணைப்புக் கணக்கில் முழு வீடுகளாகத்தான் இருக்கின்றன.

முறை தவறினால் என்ன ஆகும் என்பதை ஒரு தெருவில் நின்று பார்த்தால் போதும். தண்ணீர் ஒருநாள் காலை ஆறுக்கு வரும், மறுமுறை பதினொன்றுக்கு வரும், எந்தக் கிழமை என்று தெரியாது. நடவுக்கோ களைக்கோ ஏழரைக்குள் வண்டி ஏற வேண்டிய பெண் என்ன செய்வாள்? வீட்டில் வயதானவர் இருந்தால் அவரை உட்காரவைத்துவிட்டுப் போவாள். இல்லாவிட்டால் அன்றைய கூலியை விடுவாள், அல்லது மூத்த பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்துவாள். தெருக்குழாயில் நின்ற வரிசை வீட்டு வாசலுக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். வசதியுள்ளவர்கள் சிண்டெக்ஸ் தொட்டியும் தரைத்தொட்டியும் கட்டி, குழாயில் மோட்டார் பொருத்தி உறிஞ்சிவிடுவார்கள். கடைமடை வீடுகளுக்குக் காற்றுதான் வரும். வால்வு எந்தப் பக்கம் முதலில் திறக்கப்படுகிறது என்பதில் சாதியும் கட்சியும் விளையாடுவது புதிதில்லை. அந்த வீடுகளில் குழாயோடு சேர்த்து டிரம், மோட்டார், மின்கட்டணம் என்று செலவு கூடியிருக்கிறதே தவிர, மிச்சம் கண்ணில் படவில்லை. நேரம் அறிவித்து, அறிவித்த நேரத்தில் ஒரு மணி நேரம் விடும் ஊராட்சி, நேரம் தெரியாமல் மூன்று மணி நேரம் விடும் ஊராட்சியைவிட அதிக வேலைநாளைக் காப்பாற்றிக் கொடுக்கிறது.

மாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கறவை மாட்டுக்கு நாளைக்கு 40 முதல் 60 லிட்டர், கோடையில் அதற்கு மேலும் தண்ணீர் வேண்டும். ஏறத்தாழ ஓர் ஆளுக்கான பங்கு. ஆளுக்கு 55 லிட்டர் என்ற அளவுகோலில் மாடு இல்லை. பழைய திட்டத்தில் பாலைவனப் பகுதிகளுக்கு மட்டும் ஆள் கணக்குக்கு மேல் 30 லிட்டர் கால்நடைக்கு என்று சேர்த்திருந்தார்கள். நிலமில்லாத வீட்டில் பால்தான் மாத வருமானம் என்னும்போது, குழாயால் நேரடியாகப் பணம் வரக்கூடிய வழியை அளவுகோலே அடைத்துவைத்திருப்பது எனக்கு விளங்காத புதிர். மக்கள் என்னவோ குழாய்த் தண்ணீரை மாட்டுக்கும் காட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதிகாரிகள் அதை வீணடிப்பு என்று எழுதுகிறார்கள்.

குழாய் பதிப்பதால் வரும் வேலைவாய்ப்பைப் பற்றியும் பேசப்படுகிறது. பெங்களூரு இந்திய மேலாண்மைக் கழகமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து, கட்டுமானக் காலத்தில் நேரடியாகச் சுமார் 60 லட்சம் ஆள்-ஆண்டு வேலை உருவாகும் என்று மதிப்பிட்டன. மறைமுகமாக இன்னும் 2.2 கோடி. பள்ளம் தோண்டி மூடியதும் அதில் பெரும்பகுதி முடிந்துவிடும். நிலைப்பவை பம்ப் ஆபரேட்டர், பிளம்பர், தண்ணீர்ப் பரிசோதனைப் பெட்டியோடு ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்களே, அது போன்ற சிறு வேலைகள். இவர்களுக்குச் சம்பளம் யார் கொடுப்பது என்ற இடத்தில்தான் திட்டம் திணறுகிறது.

கேரளக் கிராமங்களில் 1980களின் கடைசியில் உலக வங்கிக்காகச் செய்யப்பட்ட ஆய்வு ஒரு சுழலை விவரித்தது. கட்டணம் குறைவு, ஆகவே வாரியத்திடம் பணம் இல்லை. பணம் இல்லாததால் தண்ணீர் ஒழுங்காக வராது. ஒழுங்காக வராத தண்ணீருக்கு இணைப்பு எடுப்பவர்கள் குறைவு. ஆகவே வசூலும் குறைவு. ஆனால் தண்ணீர் நிச்சயமாக வரும் என்றால் அன்றைய கட்டணத்தைவிட அதிகம் கொடுக்கத் தயார் என்று வீடுகள் சொல்லின. முதலில் யார் நகர்வது என்ற இழுபறி இன்றுவரை பல மாநிலங்களில் தீரவில்லை. ஊராட்சியின் செலவுகளில் பம்ப் மின்கட்டணமே பெரியது. 15ஆவது நிதிக்குழு ஊரக உள்ளாட்சி மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிவைத்தது உதவியாக இருந்தது. அதன் காலம் 2025-26வரை. மத்திய ஒதுக்கீடோ, 2024-25இல் 70,163 கோடி ரூபாய் என்று தொடங்கி, திருத்திய மதிப்பீட்டில் 22,694 கோடியாகச் சுருங்கியது. செலவுகளில் முறைகேடு என்ற புகார்களும் சில மாநிலங்களில் வந்தன.

2025 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில் கெடுவை 2028க்குத் தள்ளியபோது, இனி கட்டமைப்பின் தரத்திலும் பராமரிப்பிலும் கவனம் என்று நிதியமைச்சர் சொன்னார். அப்படியென்றால் மாநிலங்கள் பதிவேற்றும் தினசரிக் கணக்கில் இணைப்பு எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே இன்னொரு பத்தியும் இருக்க வேண்டும்: இந்த வாரம் எத்தனை நாள், எந்த நேரத்தில் தண்ணீர் விடப்பட்டது, கடைமடை வீட்டில் எத்தனை குடம் நிரம்பியது. இதை எழுதக்கூடியவர் வால்வைத் திறக்கும் தொட்டி ஆபரேட்டர்தான். பல ஊராட்சிகளில் அவருக்கு மாதச் சம்பளம் சில ஆயிரம் ரூபாய், அதுவும் தேதி தவறித்தான் வருகிறது.